நாயோடு போய் உட்கார்ந்திருப்பது

“எங்க வீட்டு நாய் யாரைப் பாத்தாலும் பாசமா தாவும் சார். இதைக் கூட்டிக்கிட்டு பெரியவங்க இருக்கிற இடத்துக்குப் போலாமா?” இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. தாவுகிற வரைக்கும் முடியாது என்பதுதான் பதில். எண்பது வயதுப் பாட்டியின் மேல் இருபது கிலோ நாய் ஏறினால், அந்தப் பாசம் இடுப்பெலும்பில் போய்த்தான் நிற்கும்.

இப்படிப் பெரியவர்களைப் பார்க்கப் போகும் வேலைக்கு வாகான நாய் பெரும்பாலும் நம் கண்ணில் படாத நாய். புது ஆள் வந்தால் எழுந்து வரும், முகரும். கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் நெருங்கும். கூப்பிடாவிட்டால் காலடியில் சுருண்டு படுத்துக்கொள்ளும். “அது ஒரு சோம்பேறி” என்று வீட்டில் திட்டு வாங்கும் நாயாகக்கூட இருக்கலாம். அதைத்தான் முதலில் பாருங்கள்.

நகரத்து ஆளை நினைத்து எழுதிய வழிகாட்டிகளில் கார் இருக்கும், நாய்ப் பயிற்சியாளர் இருப்பார், லிப்ட் வைத்த மருத்துவமனை இருக்கும். கூக்காலில் இவற்றில் எதுவும் இல்லை. கொடைக்கானலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், பூம்பாறை தாண்டி, வளைந்து வளைந்து வரவேண்டும். படிப்படியான வயல், ஏரி, சோலைக்காடு, மதியமே இறங்கிவிடும் மூடுபனி. இங்கே நாய் என்றால் காட்டுப்பன்றி வந்தால் குரைப்பதற்கு. பகலில் சங்கிலியில், ராத்திரியில் காவலில். அதைக் குளிப்பாட்டி, வார் போட்டு, படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவர் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பது என்றால் சிரிப்பவர்கள் இருப்பார்கள். சிரிக்கட்டும். பிள்ளைகள் எல்லாம் திண்டுக்கல், திருப்பூர் என்று போய்விட்ட வீட்டு வாசலில், வருகிறவர் போகிறவரைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இந்த மலையில் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

தெரபி நாய் என்று பெயர் நிலைத்துவிட்டது. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். நாய் எந்த நோயையும் தீர்க்காது. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயும் இதுவும் வேறு. அது தன் எசமானர் ஒருவருக்காகவே வேலை செய்யும். தெரபி நாய் உங்கள் வீட்டு நாயாகவே இருந்துகொண்டு, உங்களோடு மற்றவர்களைப் பார்க்கப் போகும். நீங்களும் நாயும் சேர்ந்துதான் ஓர் அணி. நாய் மட்டும் தேறி நீங்கள் தேறாவிட்டால் அந்த அணி தேறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இது புதிய யோசனையும் இல்லை. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796இல் திறந்த மனநோயாளிகள் இல்லத்தில் முயலும் கோழியும் தோட்டத்தில் திரிந்தன. நோயாளிகள் அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள். நீண்டகால நோயாளிக்குச் சிறிய வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தன் செவிலியர் நூலில் எழுதினார். 1960களின் தொடக்கத்தில் போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், வாய் திறக்காத குழந்தை தன் நாய் ஜிங்கிள்ஸிடம் பேசியதைக் கவனித்து அதைத் தம் துறையின் கூட்டத்தில் சொன்னார். கேட்டவர்களில் சிலர் கேலி செய்தார்கள். 1976இல் எலெய்ன் ஸ்மித் என்ற செவிலியர் அமெரிக்காவில் இதற்கென ஓர் அமைப்பையே தொடங்கினார்.

நமக்கு நெருக்கமான கதை ஹாங்காங்கில் ஆரம்பிக்கிறது. 1991இல் ஜில் ராபின்சன் என்ற விலங்குநல ஆர்வலர், மேக்ஸ் என்ற தன் கோல்டன் ரெட்ரீவரைக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அந்தத் திட்டத்துக்கு ‘டாக்டர் டாக்’ என்று பெயர் வைத்தார்கள். ஆசியாவின் பல நாடுகளுக்குப் பரவிய அதைச் சென்னையில் எடுத்து நடத்தியது, 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு. சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளை நடத்தும் சரஸ்வதி கேந்திராவில், கற்பதில் சிரமப்படும் குழந்தைகளின் வகுப்புக்கு நாய்கள் போய்வந்தன. அங்கே வந்தவற்றில் சாதாரணத் தெரு நாய்களும் இருந்தன என்பதை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். லாப்ரடார் வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இனத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். ராஜபாளையம் பெரும்பாலும் வீட்டாரோடு ஒட்டும், வெளியாளிடம் விலகி நிற்கும். சிப்பிப்பாறை சத்தத்துக்குச் சட்டென்று மிரளும். கோம்பை காவலுக்கென்றே பெயர் வாங்கியது. இவையெல்லாம் பொதுவான பேச்சு. ஒவ்வொரு நாயும் ஒரு மாதிரி. கலப்பு நாட்டு நாயில் அருமையானவை உண்டு; பெரிய விலை கொடுத்து வாங்கியதில் பயந்தாங்கொள்ளிகளும் உண்டு. வயதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு, ஒரு வயது நிறைந்து, குறைந்தது ஆறு மாதமாவது அதே வீட்டில் வளர்ந்த நாயைத்தான் ஏற்கிறது. குட்டியைத் தூக்கிக்கொண்டு போவது படம் எடுக்க நன்றாக இருக்கும். குட்டிக்கு அது பயத்தைப் பழக்கிவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இந்தியாவில் தெரபி நாய்க்கென்று அரசு தரும் பதிவோ சான்றிதழோ கிடையாது. பணம் கட்டினால் அட்டையும் சட்டையும் அனுப்புகிறோம் என்பவர்களிடம் பணத்தை விடாதீர்கள். அதற்குப் பதிலாக, உங்கள் நாயைப் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பரிசோதகராக வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல அவர் சலுகை காட்டமாட்டார்.

அவர் வாசலில் நாற்காலியில் உட்காரட்டும். நீங்கள் நாயோடு நடந்து வாருங்கள்; வார் தொய்ந்தே இருக்க வேண்டும். அவரோடு இரண்டு நிமிடம் பேசுங்கள். நாய் அவர் மேல் கால் வைக்கக் கூடாது, உங்கள் பின்னால் ஒளியவும் கூடாது. அடுத்து அவர் ஒரு போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு, கம்பு ஊன்றி, இழுத்து இழுத்து நடந்து வரட்டும். நம் மலையில் பாதிப் பெரியவர்கள் குளிர்காலத்தில் அப்படித்தான் இருப்பார்கள். போர்வைக்காரரைக் கண்டு குரைக்கும் நாய் இந்த வேலைக்கு இன்னும் தயாராகவில்லை. பிறகு முதுகுப்பக்கம் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடச் சொல்லுங்கள். நாய் திடுக்கிடலாம், அதில் தவறில்லை. திடுக்கிட்டபின் எத்தனை நொடியில் பழைய நிலைக்கு வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நடுங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் சில மாதம் காத்திருங்கள். கடைசியில் அவர் காதை, வாலை, பாதத்தைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தொடட்டும். கை நடுங்கும் பெரியவர் மெதுவாகத் தடவமாட்டார், பிடித்துக்கொள்வார்.

கட்டளை நான்கு போதும்: வா, உட்கார், இரு, விடு. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா ‘உக்காரு’ என்றும் மகள் ‘சிட்’ என்றும் சொன்னால் நாய் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்த நான்கில் ‘விடு’ தான் உயிர் காக்கும். நோயாளி இருக்கும் அறையில் தரையில் மாத்திரை கிடக்கும். பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டும் நாய்க்கு நஞ்சு. கையில் ஒரு துண்டு பிஸ்கட்டை மூடி வைத்து, நாய் முகர்ந்து தோற்று முகத்தைத் திருப்பும் நொடியில் மற்றொரு கையால் வேறு துண்டு கொடுங்கள். தினம் பத்து முறை செய்தால் சில வாரத்தில் பிடிபடும். அதன்பின் தரையில் போட்டுப் பழக்குங்கள்.

இரும்புச் சங்கிலி வேண்டாம். கட்டிலில் பட்டால் சத்தம், கையில் பட்டால் குளிர். நான்கிலிருந்து ஆறடி நீளத்தில் ஒரு துணி வாரும், அகலமான கழுத்துப்பட்டை அல்லது மார்புப்பட்டையும் போதும். அந்த வார் சந்திப்பு முடியும்வரை உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. “நான் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிறேன்” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கு இரண்டாவது வார் ஒன்றைக் கோத்துக் கொடுங்கள். உங்கள் வார் உங்களிடமே இருக்கட்டும். ஓர் ஆள் ஒரு நாயைத்தான் கூட்டிப்போக முடியும். இரண்டு நாய்க்கு இரண்டு கை இருக்கிறதே என்றால், கண் இரண்டும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் பார்க்காது.

ஊசி, பூச்சி, பூண்டு

வெறிநாய்க்கடி ஊசி போடாத நாயை யார் வீட்டுக்கும் கூட்டிப்போகாதீர்கள். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதனையோ நாயையோ காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்தது, பிறகு ஆண்டுதோறும். ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். இரண்டையும் ஒட்டி கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடப்பது வழக்கம். கூக்காலிலிருந்து ஒரு நாள் செலவழித்துப் போய்வரத் தக்க வேலை அது. ஊசி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் காகிதம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டு ஊசியும் வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து நாய்க்கும், நாயிடமிருந்து மனிதருக்கும் எலிக்காய்ச்சல் வரும். வாய்க்காலும் சேறுமாகக் கிடக்கும் வயலில் திரியும் நாய் என்றால் கூடுதல் கவனம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து. உண்ணிக்கு மருத்துவரிடம் கேட்டு மருந்து. மழைக்காலத்தில் விரலிடுக்கிலும் மூக்கிலும் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாட்டி மடியில் நாய் தலை வைக்கும்போது அட்டை இறங்கினால், அந்த வீட்டுக் கதவு உங்களுக்கு மறுபடி திறக்காது.

பச்சை இறைச்சி தின்னும் நாயைப் பெட் பார்ட்னர்ஸ் சேர்ப்பதில்லை. அதில் இருக்கும் கிருமி நாயை ஒன்றும் செய்யாமல், அதன் வாய்வழியே நோயாளிக்குப் போகும் என்பதுதான் காரணம். ஆட்டுக்கறிக் கழிவைப் பச்சையாகப் போடும் வழக்கம் உள்ளவர்கள் வேகவைத்துப் போடுங்கள்.

நமக்கென்று தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. நமக்குப் பெருமை, நாய்க்கு விஷம். பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூண்டு அதிகம் விளையும் ஊரில் வீட்டுக்குள்ளேயே கட்டுக் கட்டாகத் தொங்கும், தரையில் பரப்பிக் காயும். போன இடத்தில் பாட்டி ரசஞ்சோறு பிசைந்து, “பாவம், வாயில்லா ஜீவன், ரெண்டு வாய் சாப்பிடட்டும்” என்று நீட்டுவார். மறுத்தால் மனம் நோகும். அதனால் உங்கள் பையில் வேகவைத்த கோழி இறைச்சியோ நாய் பிஸ்கட்டோ சின்னச் சின்னத் துண்டாக வைத்துக்கொண்டு, “ஆத்தா, இதை உங்க கையால குடுங்க” என்று அவர் உள்ளங்கையில் வையுங்கள். கொடுத்த திருப்தி அவருக்கு. நாய் வயிற்றுக்கும் ஆபத்தில்லை.

சந்திப்புக்கு முந்தின இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குளிப்பாட்ட வேண்டும் என்பது வெளிநாட்டு விதி. டிசம்பர், ஜனவரி உறைபனியில் அதைச் சொன்னவர் கூக்காலுக்கு வந்ததில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில், உச்சி வெயிலில், வேகமாகக் குளிப்பாட்டி, பழைய கம்பளியால் துடைத்து, அடுப்படியின் சூட்டில் முழுக்கக் காயவிடுங்கள். வெயில் இல்லாத நாளில் ஈரத்துணியால் துடைத்து, முடியைச் சீவினால் போதும். சந்திப்பையே தள்ளிப்போடுவதும் தப்பில்லை. நகத்தை மட்டும் கட்டாயம் வெட்டி, ராவி, கூர் இல்லாமல் செய்யுங்கள். வயதானவர் தோல் காகிதம் போல. கடியைவிடக் கீறல்தான் அடிக்கடி நடக்கும். மருந்து தெளித்த உருளை, கேரட் வயல் வழியாக நடந்து வந்தால், உள்ளே போகுமுன் நான்கு பாதத்தையும் கழுவுங்கள்.

யாரிடம் கேட்பது

மூன்று சம்மதம் வேண்டும்: இடத்துக்கு உரியவரின் சம்மதம், பார்க்கப்போகும் ஆளின் சம்மதம், நாயின் சம்மதம். முதலாவதை எல்லாரும் வாங்குகிறார்கள். இரண்டாவதைப் பாதிப் பேர் மறக்கிறார்கள். மூன்றாவதை வாங்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

கூக்கால் போன்ற ஊரில் நீங்கள் பெரிய மருத்துவமனையில் தொடங்க வேண்டாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலருக்கும் கிராமச் செவிலியருக்கும் எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்கு மூச்சிரைப்பு, யாருக்கு ஆறாத புண் என்பது அத்துப்படி. அவர்களிடம் பேசுங்கள். ஆறாத புண், தீக்காயம், காசநோய், புற்றுநோய்க்கான மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், நாய் முடியால் இழுப்பு வருபவர், இவர்கள் வீட்டுக்கு மருத்துவர் சொல்லாமல் நாய் போகக் கூடாது. எந்த நோய் என்று வீட்டாரை நீங்கள் துருவிக் கேட்கவும் வேண்டாம். “நாய் வரலாமா, கூடாதா” என்று மட்டும் செவிலியரிடம் கேட்டால் போதும்.

பள்ளி, விடுதி, முதியோர் இல்லம் என்றால் எழுத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர், பொறுப்பாளர் யார், ஏதேனும் நடந்தால் யார் வண்டி தருவார், எல்லாம் அதில் இருக்கட்டும்.

வீட்டுக்குள் நாய் நுழைவதை விரும்பாதவர்கள் நம்மில் அதிகம். சாமி அறை இருக்கும், விரதம் இருக்கும். இஸ்லாமியர் வீட்டில் நாயின் எச்சில் படுவது தொழுகைக்கு இடைஞ்சல். இதையெல்லாம் தகராறாக்க வேண்டாம். வாசல் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, மதிய வெயில் விழும் களம் இருக்கிறது. கட்டிலை வாசற்படி ஓரமாக நகர்த்தச் சொல்லுங்கள். நாயைப் பைரவர் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, ஆனாலும் உள்ளே விடாத வீட்டிலும் நான் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இரண்டும் அவர்கள் உரிமை.

ஆளின் சம்மதத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும். போன வாரம் தடவினாரே என்று இன்று நாயை நேரே கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆறடி தள்ளி நின்று, “பெரியப்பா, மணி வந்திருக்கான். பக்கத்துல வரட்டுமா?” என்று கேளுங்கள். பேச முடியாதவர் என்றால் கையைப் பாருங்கள். விரல் நீண்டால் வரலாம். கை போர்வைக்குள் போனால் அன்றைக்கு வேண்டாம். மகள் பக்கத்திலிருந்து, “தொடுங்கப்பா, ஒண்ணும் பண்ணாது” என்று அப்பாவின் கையைப் பிடித்து நாய்மேல் வைப்பார். அதை மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

நாய் சொல்வதைக் கேட்பது

என் முதல் நாயோடு அடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். விழா ஏற்பாடு. மைக், சால்வை, முப்பது பேர், போட்டோ எடுக்க வரிசை. நாய் கொட்டாவி விட்டது. தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. தாகம் என்று தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை. முகத்தைத் திருப்பியது, திருப்பித் திருப்பி கேமராவைப் பார்க்கவைத்தேன். நாற்பது நிமிடம் கழித்து ஒரு தாத்தா கட்டிப்பிடிக்கக் குனிந்தபோது உறுமியது. கடிக்கவில்லை. ஆனால் அதற்குள் அது என்னிடம் நான்கு தடவை சொல்லிவிட்டது. கேட்காதது நான்.

கொட்டாவி, உதடு நக்கல், தலையைத் திருப்புதல், ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்பது, உடம்பு விறைப்பது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, வெயில் இல்லாமலே இளைப்பது, ஈரம் இல்லாமலே உடம்பை உதறுவது, வால் இடுக்கில் போவது. இவை நாயின் பேச்சு. ஒன்று தெரிந்தால் கவனியுங்கள். இரண்டு தெரிந்தால், “மணிக்குக் கொஞ்சம் காத்து வேணும்” என்று சொல்லி வெளியே கூட்டிப்போங்கள். திரும்பி வர அதுவே எழுந்தால் தொடருங்கள். எழாவிட்டால் வீட்டுக்கு. உறுமியதற்காக நாயை அடிக்கவே கூடாது. உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும்.

பெட் பார்ட்னர்ஸ் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. அது பழகிய நாய்க்கான உச்சவரம்பு. நம் ஊரில் முதல் மூன்று மாதம் ஒரு சந்திப்புக்கு இருபது நிமிடம் போதும் என்பது என் கணக்கு. வாரத்துக்கு ஒன்று. ஒரே வீடு. நான்கு வீட்டை ஒரே நாளில் முடித்துவிட இது தபால் விநியோகம் இல்லை.

சந்திப்பில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை. நாய் படுத்திருக்கும், அவர் கை அதன் கழுத்தில் இருக்கும், நீங்கள் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வீர்கள். நாயும் மனிதரும் பார்த்துக்கொள்ளும்போது இரண்டு பேர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுவதை 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். அந்த ஆய்வு நாயையும் அதன் சொந்த எசமானரையும் பற்றியது, அறிமுகமில்லாதவருக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவர் தான் வளர்த்த நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். சிறுத்தை தூக்கிப்போன நாயைப் பற்றி ஒருவர் சொல்லி அழுதார். அழட்டும் என்று இருந்தேன். கிளம்பும்போது வீட்டாரிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளைகளிடம் வேறு மாதிரி. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் ஒரு முயற்சி தொடங்கியது: வாசிக்கத் திணறும் குழந்தை நாய்க்குப் படித்துக் காட்டும். நாய் திருத்தாது, சிரிக்காது, ‘அடுத்தவன் படி’ என்று சொல்லாது. இதற்குச் செலவே இல்லை. தமிழ்ப் பாடப்புத்தகமும் ஒரு பாயும் போதும். ஒரு நேரத்தில் ஒரு குழந்தை, பத்து நிமிடம். குழந்தை நாய்க்குப் பக்கவாட்டில் உட்கார வேண்டும், எதிரே வேண்டாம். தடவுவது மார்பிலோ தோளிலோ. தலைக்கு மேலே கையைக் கொண்டுபோக வேண்டாம். கட்டிப்பிடிக்கவோ முத்தம் கொடுக்கவோ விடாதீர்கள். ழகரம் தடுமாறினால் ஆசிரியர் திருத்த வருவார்; அந்தப் பத்து நிமிடம் மட்டும் வராமல் இருக்கும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நாயிடம் பயம் உள்ள குழந்தை தூரத்திலிருந்து பார்க்கட்டும். பயத்தைப் போக்குகிறேன் என்று அதன் பக்கம் நாயைக் கொண்டுபோகிறவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

வருமுன்னும் போனபின்னும் தொட்ட எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கூக்கால் தண்ணீரின் குளிருக்கு யாரும் கழுவமாட்டார்கள். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள். நாயை முகத்தை நக்க விடாதீர்கள்.

எவ்வளவு பழகிய நாயும் ஒருநாள் பல்லைப் பதிக்கலாம், நகத்தால் கீறலாம். அப்போது மஞ்சளோ சுண்ணாம்போ தடவ வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். நாய்க்கு ஊசி போட்டாயிற்றே என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள், மருத்துவர் முடிவெடுக்கட்டும். ஊசித் தவணை தொடங்கிவிட்டால் சொன்ன நாளில் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். கூடவே போய், வண்டிச் செலவைக் கொடுத்து, கடைசித் தவணைவரை விசாரியுங்கள். நாய்க்கு அன்றோடு இந்த வேலை நிறைந்தது.

வழியில்

சந்திப்பைக் காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப்பின் பனி, காட்டுமாடு. வார் இல்லாத நாய் காட்டுமாட்டைப் பார்த்துக் குரைக்கும். அது திரும்பித் துரத்தினால் நாய் உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே காட்டுமாடும் வரும். சோலை ஓரக் குறுக்குப் பாதையைத் தவிர்த்துச் சாலையில் நடங்கள். 2013இல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் நாயைக் கொண்டுபோகாதீர்கள். நம் நாயிடமிருந்து டிஸ்டெம்பர் செந்நாய்க் கூட்டத்துக்குப் போனால் கூட்டமே அழியலாம்.

கொடைக்கானல்வரை போக வேண்டியிருந்தால், நாய்க்குப் புறப்படும் நேரத்தில் சோறு போடாதீர்கள். வளைவுக்கு வளைவு நிறுத்தி வாந்தியைத் துடைக்க வேண்டிவரும். போய்ச் சேர்ந்ததும் அரை மணி நேரம் நடக்கவிட்டு, சிறுநீர் கழிக்கவிட்டு, பிறகு உள்ளே போங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, இடம், எத்தனை நிமிடம், நாய் எப்படி இருந்தது, எப்போது கொட்டாவி விட்டது. ஆளைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம், அவர் படத்தை வாட்ஸப்பில் போடவே வேண்டாம். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால், கொட்டாவி வரும் நேரம் முன்னேறி முன்னேறி வருவது தெரியும். பத்து வயதை நெருங்கும் நாய்க்கு மூட்டு வலிக்கும், காது மந்தமாகும். திடீரென்று தொட்டால் பதறும். வாரைக் கையில் எடுத்ததும் எழுந்து வந்த நாய், ஒரு நாள் உங்களைப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கமே தலையை வைத்துக்கொள்ளும். வாரை ஆணியில் மாட்டிவிட்டு, அன்றைக்கு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். பாட்டி உங்களை விசாரிக்கமாட்டார், “மணி எங்கே?” என்றுதான் கேட்பார். உள்ளதைச் சொல்லிவிட்டு, எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்காருங்கள்.